வேரில் கட்டிய மருந்து

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்துபோனதிலிருந்து உனக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டேன். மூன்று தடவையும் சாப்பிட்டியா என்று கேட்டேன், கோயமுத்தூரில் மழையா என்று கேட்டேன், வைத்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியது போனில் வராது என்று மூன்றாவது தடவைதான் எனக்கே உறைத்தது. அதனால் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதிய கைதான், ஆனால் இந்த ஒரு கடிதத்துக்கு நாலு நாளாகிவிட்டது. அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும், பொறுத்துக்கொள். நீ தனியாக இருக்கும்போது படி. பாதியில் எனக்குப் போன் செய்யாதே, முழுக்கப் படித்துவிட்டுச் செய். செய்யத் தோன்றாவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன்.

உன்னைக் கம்பெனியில் ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள், இரண்டு வருஷம் அங்கேதான் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்தபடியாகச் சொன்னதுதான் தொண்டையில் நிற்கிறது. "போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போயிரலாம்னு இருக்கறனுங்கப்பா," என்றாய். எல்லாம் என்று நீ சொன்னது சௌமியாவை. அவள் போத்தனூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து மாதமாகிறது. விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்தாகிவிட்டது, அவளும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றாய். உங்கம்மா தோசைக்கல் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள், திரும்பவில்லை. நாங்கள் எதுவும் கேட்காததால் நீயாகவே சொன்னாய்: "அன்னைக்கு ஸ்கூட்டர் எடுக்காதன்னு சொன்ன பேச்சை அவ கேட்டிருந்தா, இந்நேரம் இந்த ஊட்டுல ஒரு கொளந்த ஓடிட்டு இருக்கும்." நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாகவே திறந்திருக்க வேண்டும். அப்போது வராத வார்த்தையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாசி மாதம் நம் தென்னைகளில் கருந்தலைப்புழு விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மட்டையெல்லாம் தீயில் வாட்டியதுபோல் பழுப்பாகிப்போனது. ஆனைமலைப் பக்கம் எல்லாத் தோப்பிலும் அந்த வருஷம் அதே கதைதான். உயரமான மரத்துக்கு மேலே மருந்தடிக்க முடியாது. வேர் மூலமாக மருந்து கட்டுவார்கள். மரத்திலிருந்து மூன்றடி தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் தடிமனில் உயிருள்ள ஒரு வேரைத் தேடி எடுத்து, அதன் நுனியைக் கத்தியால் சரிவாக வெட்டி, மருந்து ஊற்றிய பாலிதீன் பையில் அந்த வெட்டிய முனையை முங்க வைத்து நூலால் கட்டிவிட்டு மண்ணைத் தள்ளிவிடுவது. வேர் மருந்தை உறிஞ்சிக் கொண்டைக்கு ஏற்றிவிடும். ஆள் வைத்துச் செய்திருக்கலாம். ரிட்டையர் ஆன வாத்தியார், அதுவும் தாவரவியல் வாத்தியார், தன் கையால் செய்தால்தானே கௌரவம் என்று நானே செய்தேன்.

நீ பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்தாய். தாவரவியல் உனக்குப் பிடிக்காது. ஆனாலும் கொஞ்சம் பொறுமையாகக் கேள். இதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்பது உனக்குப் புரியாது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடிமரத்திலிருந்து கயிறு கயிறாக ஆயிரக்கணக்கில் சல்லிவேர்கள் நாலாபக்கமும் ஓடும். அவ்வளவு உயரமான மரத்தைக் காற்றில் சாயாமல் பிடித்து நிறுத்துவது அதுகள்தான். ஒவ்வொரு வேரின் நுனியிலும் ஒரு மூடி இருக்கிறது. வேர் மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்போது அந்த மூடிதான் தேயும், உள்ளே இருக்கும் இளசுக்கு ஒன்றும் ஆகாது. தேயத் தேயப் புதிதாக வளர்ந்துகொள்ளும். மூடிக்குப் பின்னால் செல்கள் பிரிகிற இடம், அதற்குப் பின்னால் அவை நீளுகிற இடம். மற்றச் செடிகளில் அதற்கும் பின்னால் தூவிகள் மயிர்போல முளைத்துத் தண்ணீரை இழுக்கும். தென்னைக்குத் தூவியும் கிடையாது. நுனியை ஒட்டிய அந்த வெளுத்த இளம் பகுதியேதான் இழுக்க வேண்டும்.

மண்ணிலிருந்து வருகிற தண்ணீர் வேரின் தோலைத் தாண்டி, உள்ளே பஞ்சுபோல இருக்கும் சதையைத் தாண்டி, நடுவில் இருக்கும் குழாய்களுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வளையம் இருக்கிறது. அகத்தோல் என்போம். அந்தச் செல்களுக்கு நடுவில் மெழுகு பூசியதுபோல ஒரு பட்டை ஓடுகிறது, செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் எதுவும் கசிந்து போகாதபடி. வருகிற தண்ணீரும் அதில் கரைந்திருக்கிற எல்லாமும் அந்தச் செல்லின் உயிருக்குள்ளே புகுந்துதான் குழாய்க்குப் போக வேண்டும். எதை விடுவது, எதை நிறுத்துவது என்று வேர் பார்ப்பது அந்த இடத்தில்தான். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அந்தக் குறுக்குவெட்டுப் படத்தை நான் கலர் சாக்பீஸில் போட்டுக் காட்டுவேன். வேரை வெட்டி மருந்துப் பையில் விட்டால் இந்தத் தடுப்பு எதுவுமே இல்லை. குழாயின் வாய் நேராக விஷத்தில் திறந்துகிடக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். அவரிடம் இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். "வாத்தியாருன்னா வாத்தியாருதானுங்க," என்று அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

மருந்து கட்டினால் நாற்பத்தைந்து நாளைக்கு அந்த மரத்தில் காயோ இளநீரோ தொடக்கூடாது. குழாயில் ஏறுவது கொண்டைக்கு மட்டும் போகாது, காய்க்கும்தான் போகும். அதனால் கட்டிய மரங்களுக்கெல்லாம் நீலப் பெயிண்டில் ஒரு வளையம் அடித்துக்கொண்டே வந்தேன். பதினெட்டு மரம் முடித்தபோது டப்பா காலியாகிவிட்டது. கடைசியாகக் கட்டியது மோட்டார் ரூம் ஓரத்தில் இருக்கிற செவ்விளநீர் மரம். நாளைக்குப் பெயிண்ட் வாங்கி அடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் பொள்ளாச்சியில் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அதற்கு மறுநாள் நினைவே இல்லை. ஒரு துண்டுத் தாளிலாவது குறித்து வைத்திருக்கலாம். மனப்பாடமாக முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவனுக்கு ஒரு மரம் ஞாபகம் இருக்காதா என்ற நினைப்பு.

மூன்று வாரம் கழித்து நீயும் சௌமியாவும், அவள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தியோடு வந்தீர்கள். உங்கம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நீ காரில் உட்கார்ந்து ஆபீஸ் போன் பேசிக்கொண்டிருந்தாய், ஞாயிற்றுக்கிழமையும் உன்னை விடவில்லை. சௌமியா எனக்குப் பின்னாலேயே தோப்புக்கு வந்தாள். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை, தோப்பில் எதைப் பார்த்தாலும் கேட்பாள். அன்றைக்கு வாய்க்கால் ஓரம் மண் அரித்து வேர் வெளியே தெரிந்த இடத்தில் குனிந்து நின்றாள்.

"ஏனுங்க மாமா, இதென்னங்க வேருமேல வெள்ள வெள்ளையா, அரிசியாட்ட?"

"அது மூச்சு உடற வேரு அம்மணி."

"வேரு மூச்சு உடுமுங்களா?"

"உடாம? மண்ணுக்குள்ள காத்து போகோணும். தண்ணி தேங்கி நின்னா மரம் வாடறது எதனாலங்கற? தண்ணி குடிக்க முடியாம இல்ல, மூச்சு உட முடியாம."

அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வகுப்பை விட்டு வந்து ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி கேட்கிறாள். வேர் மூடி, அகத்தோல், குழாய் என்று ஒரு குச்சியால் மண்ணில் படம் போட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் காய் போடும் சின்னசாமி வந்து, "சாருங்க, அம்மணிக்கு எளநி எந்த மரத்துல போடட்டுமுங்க?" என்று கேட்டார். நான் தலையைத் தூக்கவில்லை, கண்ணு. படத்தைப் போட்டுக்கொண்டே, "செவ்வெளநி எதுலயாச்சும் போடுங்க. பெயிண்ட் அடிச்சதத் தொட்டுப்போடாதீங்க," என்றேன். நான் சொன்னதை அவர் சரியாகச் செய்தார். மோட்டார் ரூம் ஓரத்து மரத்தில் பெயிண்ட் இல்லை.

அவள் அங்கேயே நின்று இரண்டு குடித்தாள். வழுக்கையை நானே மட்டைச் சீவலால் வழித்து வழித்துக் கொடுத்தேன். "போதுமுங்க மாமா," என்றவளை விடவில்லை. மிச்சம் எட்டையும் உன் கார் டிக்கியில் நானே அடுக்கினேன். "தெனம் ஒண்ணு குடி அம்மணி. சூட்டுக்கு நல்லது," என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூட்டரில் போத்தனூர் போனாள். பாதாளச் சாக்கடைக்கு ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த நேரம். வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். அன்றைக்கே வலி. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கரு கலைந்து எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் அம்மா தெளிவாகத்தான் சொன்னார்கள், வண்டியில் போனதால் இது ஆகவில்லை, நிறையப் பேருக்குக் காரணமே தெரியாமல் இப்படி ஆகும், யாரையும் குறை சொல்லாதீர்கள் என்று. நம் காதில் ஏறவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்திருக்க, நீ வாசலில் நின்றுகொண்டு எல்லார் முன்னாலும், "சொன்னாக் கேட்டியா?" என்றாய். உங்கம்மா, "இந்தக் காலத்துப் புள்ளைங்க யாரு பேச்சக் கேக்கறாங்க," என்றாள். சௌமியா என்னைப் பார்த்தாள். மாமா ஏதாவது சொல்லுவார் என்று பார்த்திருப்பாள். நான், "வண்டி எடுக்காம இருந்திருக்கலாம் கண்ணு," என்றேன். எனக்கு அப்போது உண்மை தெரியாது. தெரியாதபோதும் அப்படித்தான் பேசினேன் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மோட்டார் ரூம் பக்கம் புல் மண்டிவிட்டது என்று மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது வெட்டில் நூல் ஒன்று மாட்டி வந்தது. இழுத்தேன். பை வந்தது. காலியாக இருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. வேர் செத்த வேராக இருந்திருந்தால் மருந்து அப்படியே பையில் கிடந்திருக்கும். உறிஞ்சாத பையை எடுத்துவிட்டு வேறு வேரில் கட்ட வேண்டும் என்பதுதான் முறை. நல்ல உயிருள்ள வேராகப் பார்த்து, நன்றாகச் சரிவாக வெட்டி நான் கட்டியிருந்தேன். அங்கேயே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். மருந்து கட்டிய நாளிலிருந்து அவள் குடித்த நாளுக்கு இருபத்திரண்டு நாள். மறுபடி எண்ணினேன். அதேதான் வந்தது.

அந்தப் பையை என்ன செய்தேன் தெரியுமா? வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். "என்னங்க நாத்தம்?" என்று உங்கம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "ஏதோ பழைய கவரு," என்றேன். அடுத்த வாரம் பொள்ளாச்சியில் நமக்குப் பழக்கமில்லாத ஒரு லேடி டாக்டரிடம் டோக்கன் வாங்கி, கர்ப்பிணிகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி இப்படிக் குடித்துவிட்டாள் என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "அதனாலதான்னும் சொல்ல முடியாதுங்க, அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. எவ்வளவு மருந்து காய்க்குள்ள போச்சு, அவங்க ஒடம்புக்குள்ள எவ்வளவு போச்சு, யாருக்குத் தெரியும்?" என்றார். டெஸ்ட் ஏதாவது இருக்கிறதா என்றேன். "இப்ப எதை டெஸ்ட் பண்றதுங்க?" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். தெரிந்த பொண்ணு என்று மறுபடியும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இதுதான் என்னை அரிக்கிறது. நான் கொன்றேன் என்று உறுதியாகத் தெரிந்தால் அழுதாவது முடித்திருப்பேன். நான் இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாகியிருப்பேன். தெரியவே தெரியாது என்று ஆகிவிட்டது. ஒரு வேரின் குறுக்குவெட்டில் எத்தனை அடுக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. புழு போய்விட்டது, குருத்து பச்சையாக வந்துவிட்டது. போன வருஷம் வெட்டிவிடச் சொல்லி ஆளைக் கூப்பிட்டேன். அவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "காய்ப்பு நல்லா இருக்குதுங்களே, எதுக்குங்க வெட்டறீங்க?" என்றார். கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் மாதம், அவள் உடம்பு தேறட்டும் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு, நீங்கள் இரண்டு பேரும் அதை மறந்துவருகிறீர்கள், நான் எதற்குக் கிளற வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். நீங்கள் மறக்கவில்லை. பண்டிகைக்கு வரும்போதெல்லாம் பார்த்தேன். அவள் எதையாவது கேட்காமல் செய்துவிட்டால், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்று நீ சொல்லுவாய். அந்த ஒரு வார்த்தையில் ஸ்கூட்டர் இருக்கும். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். தோப்புக்கும் அவள் வருவதில்லை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. அப்படித்தான் அப்போது நினைத்தேன், மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது நம் பள்ளிக்கூட லேபில் ஒரு ஸ்லைடு பெட்டி உடைந்தது. சோளவேர், அவரைவேர் எல்லாம் சாயமேற்றி நானே வெட்டிச் செய்தவை, இரண்டு வருஷ வேலை. நீ சாவி கொடுக்க உள்ளே வந்துபோயிருந்தாய். விசாரிக்காமல் உன்னை எல்லார் முன்னாலும் அறைந்தேன், இரண்டு பீரியட் வெளியே நிற்க வைத்தேன். நீ இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். சாயங்காலம் வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, காலையில் பெட்டியை மேஜையின் ஓரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்ததே நான்தான் என்று. அன்றைக்கு உனக்கு ஒரு பன்னும் வெண்ணெயும் வாங்கி வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நம் வீட்டில் எது உடைந்தாலும் யாரால் என்றுதான் முதலில் கேட்போம். அதை உனக்குப் பழக்கியவன் நான். ஆஸ்பத்திரி வாசலில் நீ பேசியது என் குரல்தான். அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது.

நீ போன ஞாயிற்றுக்கிழமை புறப்பட்ட பிறகு உங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் உருவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் புள்ளைய நான் என்னென்ன பேசிப்போட்டேன்," என்று மட்டும் சொன்னாள். கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "அவன்கிட்ட அப்பறம் சொல்லிக்கலாமுங்க. மொதல்ல அவகிட்டப் போயிச் சொல்லுங்க," என்றாள்.

புதன்கிழமை பொள்ளாச்சியில் ரயிலேறிப் போத்தனூரில் இறங்கினேன். சொல்லாமல்தான் போனேன். சௌமியாவின் அம்மா காபி கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, உள்ளே போய்விட்டார்கள். சௌமியா எதிரில் உட்கார்ந்தாள். இளைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாளாம், அன்றைக்கு லீவு. நான் எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதியதைப்போலவே, பெயிண்ட் தீர்ந்ததிலிருந்து பையை எரித்தது வரைக்கும்.

"எட்டு எளநி குடுத்தீங்க," என்றாள் கடைசியில். "அஞ்சு குடிச்சனுங்க. மூணு மிச்சம் இருந்துச்சு. ஆஸ்பத்திரில இருந்து வந்தப்பறம் கெட்டுப்போச்சுன்னு நாந்தான் எடுத்துப் போட்டேன்."

மன்னித்துவிடு என்று வாயில் வரவில்லை. வந்தாலும் அவள்மேல் இன்னொரு பாரத்தை வைப்பதாகத்தான் ஆகும்.

"ரெண்டு வருசமா அந்த ரோட்டையே நெனச்சுட்டு இருந்தனுங்க மாமா," என்றாள். "எந்தக் குழியில எறக்குனேன், எங்க பிரேக் புடிச்சேன்னு. பஸ்ஸுல போறப்பக்கூட அந்த எடம் வந்தாக் கண்ண மூடிக்குவேன்."

"அம்மணி, டாக்டரு இதையும் உறுதியாச் சொல்லல," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேனோ என்னவோ.

"தெரியுமுங்க. உங்ககிட்டக் கோவப்படோணும் நானு. வரும். இப்ப வரல." பிறகு கேட்டாள், "அவருக்குத் தெரியுமுங்களா?"

"இல்ல. உன்கிட்டச் சொல்லிட்டு அவனுக்கு எழுதலாம்னு இருக்கறேன். அவன் மனசு மாறும் அம்மணி. இதக் கேட்டா ஓடி வருவான்."

அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா. ஆனா இதக் கேட்டுப்போட்டுத்தான் வாராருன்னா வர வேண்டாமுன்னும் எழுதிருங்க. எளநிதான் காரணமுன்னா நான் நல்லவ, ஸ்கூட்டருதான் காரணமுன்னா நான் கெட்டவளுங்களா? ஸ்கூட்டராலேயே ஆயிருந்தாலும், அன்னைக்கு அவரு உள்ள வந்து எம்பக்கத்துல உக்காந்திருக்கோணுமல்லங்க?"

உண்மையைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று நம்பித்தான் ரயிலேறிப் போனேன். இரண்டு வருஷம் மூடி வைத்த உண்மைக்கு அவ்வளவு சக்தி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு ஒன்று. அதில் நான் கட்டிய பையும் இல்லை, பெயிண்டும் இல்லை. நீ மட்டும்தான் இருக்கிறாய். அதை நான் உனக்காகப் போய்ச் செய்ய முடியாது. கிளம்பும்போது அவள் கேட் வரைக்கும் வந்தாள். "ரயிலு கெடைக்குமுங்களா மாமா?" என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், என் கண் முன்னாலேயே ரயில் வந்து போய்விட்டது, ஏறவில்லை. அடுத்ததில்தான் வந்தேன்.

நீ போத்தனூர் போ என்று எழுத வருகிறேன், கை நிற்கிறது. நான் சொல்லிப் போனால், அப்பா சொல்லித்தான் வந்தான் என்று அவள் நினைப்பாள். அது நியாயம்தான். போகாதே என்று எப்படி எழுதுவேன்? நீ ஜெர்மனி போய்விட்டால் இதெல்லாம் இப்படியே உறைந்துவிடும். இனி உனக்கு நான் எதைச் சொன்னாலும் அதில் என் குற்றமும் சேர்ந்து வருகிறது. எப்படிப் போனால் சரி, என்ன பேசினால் சரி என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு. நீ பிறந்ததிலிருந்து உன்னிடம் தெரியாது என்று நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அது என் பங்கு, எடுத்துக்கொள்கிறேன். நீ இங்கே வராமல் போனாலும், பேசாமல் போனாலும் சரி. ஆனால் அந்தக் கோபம் எல்லாவற்றையும் என்மேலேயே கொட்டிவிட்டு, அத்தோடு உன் கணக்கு முடிந்தது என்று இருந்துவிடாதே. யாரால் என்ற கேள்விக்கு நான் கிடைத்துவிட்டேன். அவள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

உங்கம்மா நாளைக்குக் காலையில் போத்தனூர் போகிறேன் என்கிறாள். புடவை எடுத்து வைத்துவிட்டாள். போய் என்ன பேசப்போகிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசலீங்க. போயி அவ பக்கத்துல செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்," என்றாள்.

அப்பா